பல கைகளில் வளரும் குழந்தை

காலை எட்டரை மணிக்குக் குழந்தையைக் காப்பகத்து ஆயாவின் கையில் ஒப்படைத்துவிட்டுப் படியிறங்கும் தாய்மார்களில் பலருக்கு, இறங்கும்போதே நெஞ்சில் ஒரு பாரம் ஏறிக்கொள்வது இக்காலத்தில் சர்வசாதாரணமான அனுபவமாகிவிட்டது. உத்தியோகத்துக்குப் போகிறவள் என்றால் அந்தப் பாரத்துக்கு ஒரு சமாதானமாவது உண்டு. சம்பளத்தையும் வீட்டு வாடகையையும் காரணம் காட்டித் தன் மனத்தையும் மாமியார் மனத்தையும் ஒருவாறு தேற்றிக்கொள்ளலாம். ஏ.டி.எச்.டி. என்று வைத்தியர்கள் குறிப்பிடும் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு உடைய தாயோ, நாள் முழுவதும் குழந்தையோடு தனியே இருந்து வீட்டையும் நடத்துவது தன் சக்திக்கு மீறுகிறது என்ற காரணத்துக்காகவே பிறர் துணையை நாடுகிறவளாதலால், அவளுக்கு அந்தச் சமாதானமும் இல்லை. ‘ஊரில் எல்லாரும் பிள்ளை வளர்க்கிறார்கள், எனக்கு மட்டும் ஏன் இத்தனை பேர் வேண்டியிருக்கிறது?’ என்று அவள் தன்னைத்தானே கேட்டுக்கொள்கிறாள். உறவினர்கள் கேட்காத நாளிலும் கேட்டுக்கொள்கிறாள். மூளையின் இயல்பைப் பற்றிய விஞ்ஞானமும், மனித ஜாதி தன் சந்ததியை வளர்த்து வந்த விதத்தைப் பற்றிய விஞ்ஞானமும் சேர்ந்து அந்தக் கேள்விக்கு ஒரு விடை தருகின்றன. வெறும் ஆறுதல் வார்த்தைகளை அவள் போதுமான அளவு கேட்டிருப்பாள். ஆராய்ச்சி கண்ட முடிவுகளை அவளுக்கு உள்ளபடி எடுத்துரைப்பதே பயனுடையது என்று கருதுகிறேன்.

இந்தக் கோளாறு நேற்று முளைத்ததன்று. 1902-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் என்னும் வைத்திய சங்கத்தில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை வைத்தியர் நிகழ்த்திய உபந்நியாசங்களில், புத்திக்கூர்மையில் குறையில்லாதிருந்தும் தம் செய்கைகளை அடக்கியாள இயலாத குழந்தைகள் சிலரை விவரித்தார். அவர்களிடம் கண்டதை நீதியுணர்வின் கட்டுப்பாட்டில் நேர்ந்த குறை என்றே அவர் கருதினார். அந்த எண்ணத்தின் நிழல் நம் பேச்சிலிருந்து இன்னும் முற்றும் நீங்கிவிடவில்லை. சோம்பேறி, பொறுப்பில்லாதவள், மறதிக்காரி என்று நாம் வழங்கும் பட்டங்களெல்லாம் அதே நிழலில் வளர்ந்தவை. அமெரிக்க மனநல வைத்திய சங்கத்தின் கையேடு 1980-ல் கவனக்குறைவை முன்னிறுத்தி இக்கோளாற்றுக்குப் பெயரிட்டது. 1987-ல் இன்றைய பெயர் அமைந்தது. வளர்ந்தவர்களைக் கண்டறிவதற்கெனக் குறிகளின் எண்ணிக்கையைத் தளர்த்தி வகுத்ததோ 2013-ல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பில்தான். நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஐவருக்கும், நூறு பெரியவர்களில் இரண்டு மூன்று பேருக்கும் இது உண்டென்பது பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் கண்ட கணக்கு. வகுப்பில் ஓடியாடிக் குழப்பம் விளைக்கும் பையனை ஆசிரியர் உடனே கவனித்துவிடுகிறார். ஜன்னலோரம் அமர்ந்து தன் நினைவில் மூழ்கிப்போகும் பெண்ணை யாரும் கவனிப்பதில்லை. ஆகவே பெண்களில் அநேகர் தம் குழந்தையைப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்ற இடத்தில்தான், வைத்தியர் கேட்கும் கேள்விகள் ஒவ்வொன்றும் தம்மைப் பற்றியவையாகவும் இருப்பதைக் கண்டு திகைக்கிறார்கள்.

இக்கோளாறு உடையவர்களிடம் கவனம் இல்லாமற் போய்விடவில்லை; மனத்துக்குப் பிடித்த காரியத்தில் மணிக்கணக்காக ஆழ்ந்துவிடக் கூடியவர்கள் அவர்கள். கவனத்தை வேண்டிய போது வேண்டிய இடத்தில் செலுத்துவதும், அங்கிருந்து மீட்டு மற்றோரிடத்தில் நிறுத்துவதும், நடுவே எழும் தூண்டுதல்களை அடக்குவதும் ஆகிய நிர்வாகத்தில்தான் குறை இருக்கிறது. இந்த நிர்வாகத்தை நடத்துவது பெரும்பாலும் நெற்றிக்குப் பின்னே அமைந்த மூளைப்பகுதியும், அதனோடு இணைந்த நரம்புப் பாதைகளுமாம். அப்பாதைகளில் செய்தி கொண்டுசெல்லும் டோபமின், நார்அட்ரினலின் என்னும் ரசாயனப் பொருள்களின் இயக்கம் இவர்களிடம் வேறுபட்டிருக்கிறது. 2007-ஆம் ஆண்டில் அமெரிக்க தேசிய மனநல நிலையத்தைச் சேர்ந்த பிலிப் ஷாவும் அவருடைய சகாக்களும், குழந்தைகளின் மூளையை ஆண்டுக்கணக்கில் ஸ்கேன் செய்து ஒப்புநோக்கினார்கள். மூளையின் மேலுறையில் பாதியளவு இடங்கள் தம் உச்சத் தடிமனை எட்டிவிடும் வயது, ஏனைய குழந்தைகளில் 7.5 ஆக இருக்க, ஏ.டி.எச்.டி. உடைய குழந்தைகளில் 10.5 ஆக இருந்தது. தாமதம் மிகுதியாகக் காணப்பட்டது முன்நெற்றிப் பகுதியில். சுபாவக் கேடு என்று திட்டப்பட்ட ஒன்று, தேகத்தின் வளர்ச்சியில் அளந்து காட்டக்கூடிய ஒரு வேற்றுமையாக நிரூபணமான சந்தர்ப்பம் அது.

ரஸ்ஸல் பார்க்லி என்னும் அமெரிக்க உளவியலாளர் 1997-ல் வகுத்து விளக்கிய கொள்கை, இவ்விஷயத்தில் எனக்கு மிகவும் பிரயோஜனமாகத் தோன்றுகிறது. இவர்களுக்கு எதைச் செய்யவேண்டும் என்ற அறிவில் குறைவில்லை. அறிந்ததை அது தேவைப்படும் கணத்தில் செய்து முடிப்பதில்தான் குறைவு என்கிறார் அவர். அப்படியாயின் புத்திமதி எத்தனை சொன்னாலும், புத்தகங்கள் எத்தனை வாங்கிக் கொடுத்தாலும் விளையும் பயன் அற்பமே. காரியம் நடக்கும் இடத்திலேயே, நடக்கும் நேரத்திலேயே, கண்ணுக்குத் தெரியும்படியான ஒரு துணை நிற்கவேண்டும். சுவரில் எழுதிய பட்டியலாகவோ, அலாரம் அடிக்கும் கடிகாரமாகவோ, பக்கத்தில் இருக்கும் இன்னொரு மனிதராகவோ அது இருக்கலாம்.

இனிக் குழந்தை வளர்ப்பு என்னும் காரியம் எத்தகையது என்று பார்ப்போம். அடுப்பில் பால் இருக்கிறது. மூத்தவன் டயரியில் கையெழுத்துக் கேட்கிறான். சின்னவள் ஒரு காலில் சாக்ஸை மாட்டிக்கொண்டு மற்றொன்றைக் காணோமென்று அழுகிறாள். ஆகாரத்துக்குப் பின் கொடுக்கவேண்டிய மருந்து அலமாரியில் இருக்கிறது. வேன் வருவதற்குப் பத்து நிமிஷம் இருக்கிறது. இவற்றுள் எதுவும் கடினமான காரியமன்று. ஆயினும் ஐந்தையும் ஒருசேர நினைவில் தாங்கி, எது முதலில் எது பின்னால் என்று வரிசைப்படுத்தி, ஒன்றை நடுவில் விட்டு மற்றொன்றைத் தொட்டு, விட்டதற்குத் தவறாமல் திரும்பி, பத்து நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்பதை உள்ளுக்குள் அளந்துகொண்டேயிருந்து, இத்தனைக்கும் இடையில் குரலையும் உயர்த்தாமல் இருப்பதற்கு எந்தெந்தச் சக்திகள் வேண்டுமோ, ஏ.டி.எச்.டி. எந்தச் சக்திகளைக் குறைக்கிறதோ, அவை இரண்டும் ஒரே ஜாபிதாதான். காலத்தை மதிப்பிடுவதில் இவர்கள் பிழைபடுவது சோதனைச்சாலைகளிலும் திரும்பத் திரும்பக் காணப்பட்டிருக்கிறது. உடனடியான பலன் எதுவுமின்றி நாள்தோறும் திரும்ப வரும் வேலையில் மனத்தை நிறுத்துவது இம்மூளைக்கு விசேஷமாகக் கஷ்டம். துணி மடிப்பதும், டிபன் பாத்திரம் கழுவுவதும், நகம் வெட்டிவிடுவதும் அத்தகைய வேலைகளே. போதாக்குறைக்குக் கைக்குழந்தை இருக்கும் வீட்டில் உறக்கம் துண்டுபடுகிறது. உறக்கக் குறைவு முதலில் தாக்குவது அந்த நிர்வாக சக்திகளையே. பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வும் பதற்றமும் இக்கோளாறு உடைய பெண்களிடம் பன்மடங்கு மிகுதியாக இருப்பதை ஸ்வீடன் தேசத்து மருத்துவப் பதிவேடுகளை ஆராய்ந்தவர்கள் 2023-ல் தெரிவித்தார்கள்.

இந்நிலையில் மாமியாரோ, பக்கத்துத் தெருவிலிருந்து வரும் ஆயாவோ, பகல்நேரக் காப்பகமோ அவளுக்குத் தருவது ஓய்வு மட்டும் என்று எண்ணுவது பிசகு. ஐந்து காரியங்களில் மூன்றை வேறொரு கை ஏற்றுக்கொள்ளும்போது, எஞ்சிய இரண்டில் அவளுடைய மனம் முழுமையாக நிற்க முடிகிறது. காப்பகத்தின் திறப்பு நேரமும் மூடும் நேரமும் வெளியிலிருந்து அவளுக்கு ஒரு கடிகாரமாக அமைந்து நாளுக்கு விளிம்பு கட்டுகின்றன. மாலையில் களைப்பு நீங்கிய கண்களோடு குழந்தையின் முகத்தைப் பார்க்கிறாள். நம் கிராமங்களில் முன்பு ஏற்றம் இறைத்த காலத்தில், மரத்தின்மேல் ஏறி மிதிக்க ஒருவனும் கீழே நின்று சாலைப் பிடித்து நீரைக் கொட்ட ஒருவனுமாக வேலை நடந்தது. மேலே மிதிக்கிறவன் ஒருவன் இருக்கிறான் என்பதற்காகக் கீழே நிற்கிறவனை இறைக்கத் தெரியாதவன் என்று எந்தக் குடியானவனும் இகழ்ந்ததில்லை.

அப்படியிருக்க, தாய் ஒருத்தியே தன் கையால் இடைவிடாமல் செய்வதுதான் உண்மையான வளர்ப்பு என்ற அளவுகோல் எங்கிருந்து வந்தது? அதன் பிறப்புக்குப் பல காரணங்கள் உண்டெனினும், அதற்கு விஞ்ஞான முத்திரை கிடைத்த ஆண்டைக் குறிப்பிட்டுச் சொல்லலாம். இரண்டாம் உலக யுத்தத்தில் வீடிழந்த குழந்தைகளின் நிலையை ஆராயும்படி உலக சுகாதார ஸ்தாபனம் ஜான் பௌல்பி என்ற ஆங்கிலேய மனநல வைத்தியரைக் கேட்டுக்கொண்டது. தாய்ப் பராமரிப்பையும் மன ஆரோக்கியத்தையும் பற்றிய அவருடைய அறிக்கை 1951-ல் வெளியாயிற்று. அநாதை விடுதிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் மாதக்கணக்காக, ஆண்டுக்கணக்காகப் பெற்றோரைப் பிரிந்து, தம்முடையவர் என்று சொல்ல ஒருவருமின்றிக் கிடந்த குழந்தைகள் வாடிப்போவதை அவர் எடுத்துக்காட்டியது மகத்தான சேவை. அதன் பயனாக ஆஸ்பத்திரிகளின் கொடுமையான விதிகள் பல மாறின. ஆனால் அந்த விடுதிக் குழந்தையைப் பற்றிச் சொல்லப்பட்டதை, மாலை ஆறு மணிக்குத் தாயின் மடிக்குத் திரும்பிவிடும் காப்பகக் குழந்தையின் தலையிலும் ஜனங்கள் ஏற்றிவிட்டார்கள். குழந்தை தாய் தந்தையரைச் சார்ந்திருப்பதுபோலவே தாய் தந்தையரும் தம்மைச் சூழ்ந்த சமூகத்தைச் சார்ந்தே இருக்கிறார்கள், சமூகம் அவர்களைத் தாங்கவேண்டும் என்று அதே அறிக்கையில் பௌல்பி வற்புறுத்தியிருந்த பகுதியையோ பெரும்பாலோர் மறந்துவிட்டார்கள். மைக்கேல் ரட்டர் 1972-ல் அக்கொள்கையை மறுபரிசீலனை செய்து, ஒரே பெயரின் கீழ்க் கலந்து கிடந்த வெவ்வேறு துன்பங்களைப் பிரித்துக் காட்டினார். குழந்தை ஒருவருக்கு மேற்பட்டவர்களிடம் பாசப்பிணைப்புக் கொள்ளக்கூடியது என்பதும் அதனால் தெளிவுபட்டது.

இதை நேரடியாகவே சோதித்துப் பார்க்க வேண்டுமென்று அமெரிக்காவில் 1991-ல் ஒரு பேராராய்ச்சி தொடங்கியது. பத்து ஊர்களில், பிறந்தது முதல் 1,364 குழந்தைகளை விஞ்ஞானிகள் ஆண்டாண்டாகப் பின்தொடர்ந்தார்கள். பதினைந்தாம் மாதத்தில் தாயிடம் குழந்தைக்குள்ள பாசப்பிணைப்பு எவ்வளவு உறுதியானது என்று பார்த்தபோது, காப்பகத்தில் இருந்தது என்ற ஒன்றே அதைத் தளர்த்தவில்லை என்று தெரிந்தது. தாயின் அன்பான கவனிப்பும் குறைந்து, காப்பகத்தின் தரமும் குறைந்து, இரண்டும் கூடிய இடத்திலேயே கெடுதல் காணப்பட்டது. உள்ளதை மறைப்பது உசிதமன்று: வாரத்தில் மிக நீண்ட நேரம் காப்பகத்தில் இருந்த குழந்தைகளிடம் முரட்டுத்தனம் சற்றே கூடியிருந்ததையும், தரமான காப்பகத்தில் வளர்ந்தவர்களிடம் மொழித்திறன் சற்றே மிகுந்திருந்ததையும் அவ்வாராய்ச்சி சேர்த்தே சொன்னது. ஆனால் இரண்டையும்விடக் குடும்பத்தின் தன்மையும், தாயும் தந்தையும் குழந்தையோடு பழகும் விதமுமே வெகு பலமாக நின்றன. ஆகையால் கேட்கவேண்டிய கேள்வி, உதவியால் அவளுடைய பழக்கம் இனிமையாகிறதா, வெறும் களைப்பால் கசந்துபோகிறதா என்பதுதான்.

மானிட சாஸ்திரம் இன்னும் பின்னால் அழைத்துச் செல்கிறது. சாரா பிளாஃபர் ஹர்டி என்ற அமெரிக்க அறிஞர் 2009-ல் வெளியிட்ட நூலொன்றில், மனிதக் குழந்தை தாய் ஒருத்தியின் உழைப்பால் வளரக்கூடியதாகச் சிருஷ்டியில் அமையவே இல்லை என்று வாதிக்கிறார். சிம்பன்ஸித் தாய் தன் குட்டியை முதல் சில மாதங்கள் வேறெவரும் தொட விடுவதில்லை. அடுத்த குட்டியை ஈனுவதற்கு ஐந்தாறு ஆண்டுகள் காத்திருக்கிறாள். மனிதத் தாயோ அதைவிட நீண்ட காலம் பிறரை நம்பியிருக்கவேண்டிய குழந்தையைப் பெறுகிறாள். அது தன்னிறைவு அடையுமுன்பே அடுத்ததையும் பெறுகிறாள். பாட்டியும் அத்தையும் மூத்த குழந்தைகளும் தந்தையும் சேர்ந்து தூக்கியதால்தான் இது சாத்தியமாயிற்று. காங்கோ தேசத்து இதூரி வனத்தில் வாழும் எஃபே மக்களிடையே, பிறந்து சில மாதங்களுக்குள் ஒரு சிசுவைச் சராசரியாக 14 பேர் மாறிமாறிக் கவனித்துக்கொள்வதை 1980-களில் சென்ற ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள்.

நம் வீடுகளிலும் அந்தக் கைகள் இருக்கவே செய்தன. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டப் பாட்டி, இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் திரியச் சித்தி, தூளியாட்ட எட்டு வயது அக்கா, அழுதால் வாங்கிக்கொள்ள எதிர்வீட்டு அம்மாள் என்று அவை நாள் முழுவதும் இயங்கின. கூலி கொடுக்கப்படாததால் கணக்கில் வரவில்லை. அந்த ஏற்பாட்டைப் பொற்காலம் என்று கொண்டாடவும் எனக்கு மனமில்லை. தம்பியைத் தூக்குவதற்காகப் பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பெண்குழந்தைகள் எத்தனை பேர்! ஆயினும் ஒன்று நிச்சயம்: அந்தக் கூட்டத்துக்குள் ஞாபகமறதியுள்ள ஒரு தாயின் குறை எவருக்கும் பெரிதாகத் தென்பட்டிராது. மலாயா ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டப் போன தமிழ்ப் பெண்கள் விடியுமுன் குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றார்கள். நம் நாட்டில் 1975 அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கிய திட்டத்தின் அங்கன்வாடிகளில் லட்சோபலட்சம் குழந்தைகள் பகலில் சோறுண்டு பாடம் கேட்டு வளர்ந்திருக்கிறார்கள். ஐம்பது பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ வேலை செய்யும் நிறுவனங்கள் குழந்தைக் காப்பக வசதி செய்து தரவேண்டுமென்று 2017-ல் சட்டம் திருத்தப்பட்டது. இன்று ஃபிளாட் ஒன்றில் ஒரு தாயும் ஒரு குழந்தையும் கதவைச் சாத்திக்கொண்டு பத்து மணி நேரம் இருக்கும் ஏற்பாடே புதிது. அதில் ஒருத்தி தள்ளாடினால் அவள் தாய்மையில் ஊனம் தேடுவானேன்?

குற்றவுணர்ச்சியின் வேலைப்பாட்டையும் உளவியல் ஆராய்ந்திருக்கிறது. நான் செய்த காரியம் தவறு என்னும் உணர்வும், நானே தவறானவள் என்னும் உணர்வும் வெவ்வேறானவை என்று ஹெலன் பிளாக் லூயிஸ் 1971-ல் பிரித்துக் காட்டினார். முன்னது பரிகாரத்தை நாடும். மருந்து கொடுக்க மறந்தவள் நாளை மறக்காமலிருக்க அலாரம் வைப்பாள். பின்னது முகத்தை மறைத்துக்கொண்டு ஓடச் செய்யும். உதவி கேட்கும் வாயையும் அடைத்துவிடும். ஏ.டி.எச்.டி. உடையவர்கள் பால்ய முதலே கண்டிப்பும் பரிகாசமும் கேட்டு வளர்ந்தவர்களாதலால், சிறு தவறும் அவர்களிடம் வெகு எளிதில் முன்னதிலிருந்து பின்னதற்கு வழுக்கிவிடுகிறது. இதைவிடக் கொடியது மற்றொன்றுண்டு. கவலையும் சுயநிந்தனையும் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது, உடனுக்குடன் காரியங்களைத் தாங்கிநிற்கும் வேலை நினைவின் கொள்ளளவை அவை ஆக்கிரமித்துக்கொள்கின்றன என்று பதற்றத்தைப் பற்றிய ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. ஏற்கெனவே சுருங்கிய அந்த இடத்தில் ‘நான் நல்ல தாயல்லவே’ என்ற நினைவும் வந்து உட்கார்ந்துகொண்டால், டிபன் டப்பாவை நினைப்பதற்கு இடமேது? அவளை மேலும் குத்திப் பேசுகிற உறவினர், தாம் திருத்த விரும்பும் மறதியைத் தம் சொல்லாலேயே வளர்க்கிறார்கள்.

குழந்தைக்கும் அதே கோளாறு இருப்பதாகத் தெரியவந்தால் வேறொரு வேதனையும் கூடிக்கொள்ளும்: என்னால்தான் வந்தது என்ற வேதனை. இரட்டையர்களை ஒப்பிட்ட ஆய்வுகளின்படி, மனிதருக்கு மனிதர் இக்கோளாற்றில் காணும் வேறுபாட்டில் சுமார் 74 சதவீதம் பரம்பரையைச் சார்ந்தது. 2023-ல் வெளியான பெரிய மரபணு ஆய்வொன்று மனித மரபுத்தொகுதியில் 27 இடங்களை இதனோடு தொடர்புபடுத்தியது; ஒவ்வொன்றின் செல்வாக்கும் மிகமிகச் சிறிது, அத்தகைய சிறு துளிகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தே பலன் தருகின்றன. தன் கண்ணின் நிறத்தைக் குழந்தைக்குத் தந்ததில் ஒருத்திக்கு எவ்வளவு குற்றமுண்டோ, அவ்வளவே இதிலும். வளர்ப்பின் பிழையால் இது வந்ததென்று சொல்வார் சொல்லுக்கு ஆதாரமில்லை.

நியாயமான கவலைக்கு இடமே இல்லையென்று சொல்ல வரவில்லை. குழந்தையை ஒப்படைக்கும் இடத்தில் எத்தனை குழந்தைகளுக்கு ஒரு ஆயா என்று பார்க்கவேண்டும். மாதத்துக்கொரு ஆயா மாறும் இடமானால் யோசிக்கவேண்டும். அடியும் மிரட்டலும் உள்ள இடமானால் அன்றைக்கே அழைத்து வந்துவிடவேண்டும். ஏ.டி.எச்.டி. உடைய குழந்தைக்கு வீட்டில் ஒரு விதியும் காப்பகத்தில் மற்றொரு விதியுமாக இருப்பது பெருந்தொல்லை. நல்லது செய்த உடனே பாராட்டு, எப்போதும் ஒரே வரிசையில் காரியங்கள், சுருக்கமான ஒரே கட்டளை என்று இரண்டு இடத்தாரும் பேசி வைத்துக்கொள்ளவேண்டும். தந்தையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் குழந்தையைப் பார்த்துக்கொண்டால் அதை மனைவிக்குச் செய்யும் உதவி என்று ஊரார் புகழ்கிறார்கள். தாய் ஓர் ஆயாவை வைத்துக்கொண்டால் முகம் சுளிக்கிறார்கள். இந்தப் பாரபட்சம் நம் வீடுகளில் நீடிக்கும்வரை, விஞ்ஞானம் எதைச் சொன்னாலும் பாரம் பாதிதான் குறையும்.

இங்கிலாந்தில் எட்மண்ட் சோனுகா-பார்க்கும் அவருடைய சகாக்களும் 2002-ல் வெளியிட்ட ஓர் ஆய்வை வைத்தியர்கள் இன்னும் சிரத்தையோடு கவனிக்கவேண்டும். ஏ.டி.எச்.டி. உடைய சிறு குழந்தைகளின் தாய்மாருக்கு அவர்கள் வளர்ப்புப் பயிற்சி அளித்தார்கள். தாயிடம் இக்கோளாற்றின் குறிகள் குறைவாக இருந்த வீடுகளில் குழந்தை நன்கு தேறியது. குறிகள் மிகுந்திருந்த வீடுகளில் அதே பயிற்சி முன்னேற்றம் எதையும் தரவில்லை. அத்தாய்மார் பாடத்தைக் கேட்காதவர்களல்லர், குழந்தையிடம் அன்பில்லாதவர்களுமல்லர். அட்டவணை போடுதல், தவறாமல் பின்பற்றுதல், கோபத்தை அடக்குதல் என்று அந்தப் பயிற்சி கேட்ட ஒவ்வொன்றும் அவர்களிடம் குறைந்திருந்த சக்தியையே கூலியாகக் கேட்டது. தாயைத் தாங்காமல் குழந்தைக்குச் செய்யும் சிகிச்சை பாதியில் நின்றுவிடுகிறது. ஆகவே குழந்தைக்கு இக்கோளாறு இருப்பதாகச் சீட்டு எழுதும் வைத்தியர், அதே அமர்வில் தாயையும் தந்தையையும் பார்த்து அவர்களுடைய பள்ளிநாட்களைப் பற்றி விசாரிக்கவேண்டும். இருவரில் ஒருவருக்கு இருப்பதாகத் தெரிந்தால் அவருக்கும் சிகிச்சை சொல்லவேண்டும். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் யார் இருக்கிறார்கள், வாரத்தில் எத்தனை மணி நேரம் துணை கிடைக்கிறது என்று கேட்டு, அந்த நேரத்தையும் மருந்தின் அளவைப்போலவே சீட்டில் எழுதித் தரவேண்டும். மாமியாரிடம் காட்டுவதற்கு அவளிடம் அப்படியொரு சீட்டு இருப்பது நல்லது.